மணற்காட்டு மூக்குவண்டு: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

வடமராட்சி_ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மாரி முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணற்காட்டு மணல்மேட்டுப் பக்கம் போவது வழக்கம். இம்முறை அடம்பன் கொடியின் கீழே கிடந்த சருகை அரிதட்டில் அரித்து வெள்ளைத் துணியில் கொட்டினோம். மணலும் சருகுத் தூளும் தவிர ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் பட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மணல் என்று நினைத்த சில துணிக்கைகள் கால் நீட்டி நடக்கத் தொடங்கின. எல்லாம் மூக்குவண்டுகள். நீளம் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல், உடம்பு முழுக்க மணல் நிறச் செதில். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்தது மாதிரிக் கிடக்கின்றன. செட்டை விரித்துப் பறந்ததை ஒரு தடவையும் காணவில்லை.

இணையத்தில் தேடினேன், இதைப் போன்ற படம் ஒன்றும் அகப்படவில்லை. "ரீச்சர், இது புதுசா?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் பொய் சொல்லவும் மனமில்லை, அவர்களுடைய ஆசையை அணைக்கவும் மனமில்லை. புதிய இனம்தான் என்று எப்படி முடிவெடுப்பது? யாரிடம் கொண்டுபோவது?

பூச்சிப்பெட்டி எழுதியது:

ரீச்சர், நல்ல இடத்தில்தான் தேடியிருக்கிறீர்கள். மூக்குவண்டுக் குடும்பத்தில் பெயர் வைக்கப்பட்ட இனங்கள் மட்டுமே 50,000 வரும். பெயர் இல்லாதவை அதைவிடக் கூட என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் கணிக்கிறார்கள். அதனால் பிள்ளைகளின் கேள்வி நியாயமான கேள்வி.

ஆனால் இணையத்தில் படம் இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய வண்டுகளில் பலவற்றுக்கு நல்ல படமே கிடையாது. நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் ஒரு பந்தி வர்ணனை இருக்கும், ஏதோ ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் அட்டையில் ஒட்டிய ஒரு மாதிரி இருக்கும். அவ்வளவுதான். இலங்கைப் பூச்சிகளுக்குப் பிரான்சிஸ் வோக்கர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1859 அளவிலேயே கட்டுக்கட்டாகப் பெயர் வைத்துவிட்டார். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் பற்றிய நூல் வரிசையில் கை மார்ஷல் 1916இல் மூக்குவண்டுத் தொகுதியை எழுதினார், அதில் இலங்கையும் பர்மாவும் சேர்த்தி. அந்தப் பழைய தொகுதிகள் இன்று இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வண்டு புதியது என்று சொல்வதற்கு முன் இப்படி ஏற்கெனவே பெயர் பெற்ற அத்தனை உறவினரோடும் அதை ஒப்பிட்டு முடித்திருக்க வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி அந்த ஒப்பீடுதான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது இது எந்தச் சாதி (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம்) என்பது. பக்கவாட்டில் மூக்கு தெளிவாகத் தெரிய ஒரு படம் வேண்டும். மூக்கு நீண்டு வளைந்ததா, குட்டையாகத் தட்டையானதா? உணர்கொம்பு மூக்கில் எந்த இடத்தில் முளைக்கிறது? கால் நுனியில் இரண்டு நகமும் தனித்தனியாக இருக்கின்றனவா, அடியில் ஒட்டியிருக்கின்றனவா? பின்காலின் முள், செதிலின் வடிவம் இரண்டும் தெரிந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கியபோது பாக்கு நீரிணை வெறும் தரையாகக் கிடந்தது. எங்களுக்குப் புதிதாகத் தெரிகிற பூச்சி இராமநாதபுரக் கரையில் எப்போதோ பெயர் பெற்றிருக்கலாம். இராமேஸ்வரத்தில் கண்டு 2004இல் பெயரிட்ட மரவாழ் பெருஞ்சிலந்தி ஒன்று பிறகு மன்னாரிலும் கிடைத்ததே. அதனால் இலங்கைப் பட்டியலோடு நிற்காமல் அக்கரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உரும்பிராய்_தோட்டம் எழுதியது:

நான் தோட்டக்காரன். ரீச்சரையோ பிள்ளைகளையோ குறை சொல்ல வரவில்லை. மூக்குவண்டு என்றால் எங்களுக்கு வற்றாளைக் கிழங்கைத் துளைப்பது, வாழையின் அடிக்கிழங்கைத் தின்பது, கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டைக்குள் குடியிருப்பது, தென்னையை உள்ளுக்குள்ளேயே கோறையாக்குகிற செவ்வண்டு. அரிசிச் சாக்கைச் சொல்லவே தேவையில்லை. இதுகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. பெயர் இருந்தும் அழிவு நிற்கவில்லை. மணலுக்குள் யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடக்கிற ஒன்றுக்குப் பெயர் வைத்து என்ன வரப்போகிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பூச்சிப்பெட்டி எழுதியது:

அண்ணை, நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்குப் பதில் எங்கள் நாட்டுக் குளங்களிலேயே இருக்கிறது.

சல்வீனியாவை அறிந்திருப்பீர்கள். நீரில் மிதக்கிற பன்னம், விட்டால் குளத்தையே மூடிவிடும். 1939இல் கல்கத்தாவிலிருந்து கொழும்புக்கு வந்த செடி, பிறகு வயல், வாய்க்கால், குளம் என்று நாடு முழுக்கப் பரவியது. ஆபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதே தலையிடி. பல வருடங்களாக அதை வேறொரு சல்வீனியா இனம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது தனி இனம் என்று 1972இல்தான் மிச்செல் என்பவர் பெயரிட்டார். அதற்கு முன் செடியின் இயற்கை எதிரிகளைத் தேடிப் போனவர்கள் தப்பான செடியின் ஊருக்குப் போனார்கள். அங்கே ஒரு சிறிய மூக்குவண்டைப் பிடித்தார்கள், சிர்ற்றோபேகஸ் சிங்குலாரிஸ் என்று பெயர். ஆபிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள், செடி அடங்கவில்லை.

1978இல்தான் பிரேசிலின் தென்கிழக்கில் இந்தச் செடியின் சொந்த இடம் பிடிபட்டது. அங்கேயும் அதன்மேல் ஒரு மூக்குவண்டு இருந்தது, ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர். பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்ததால் அதே இனம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். 1980இல் குயின்ஸ்லாந்தின் மூண்டரா ஏரியில் விட்டார்கள். ஒரு வருடம் கொஞ்சத்துக்குள் ஏறத்தாழ 18,000 தொன் சல்வீனியா அழிந்தது. அதற்குப் பிறகு வண்டை உன்னிப்பாகப் பார்த்தால் அது வேறு இனம்! கோல்டரும் சான்ட்ஸும் 1985இல் அதற்குச் சிர்ற்றோபேகஸ் சல்வினியே என்று பெயர் வைத்தார்கள். ஒன்றின் புழு செடியை வெளியிலிருந்து மேய்கிறது, மற்றதன் புழு தண்டுக்குள் துளைத்துப் போகிறது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், குளத்துக்கு ஒன்றல்ல. இலங்கைக்கு அந்த வண்டு 1986இல் வந்தது. பல இடங்களில் சில வருடங்களுக்குள் மூடிக்கிடந்த நீர் திறந்தது.

எது எது என்று பிரித்தறிய ஆளில்லாத காலத்தில் எத்தனை வருடம் வீணாய்ப் போனது என்று பாருங்கள். மணற்காட்டு வண்டு நாளைக்கு எதற்கு உதவும் என்று என்னால் சொல்ல முடியாது. பிரேசிலில் அந்த வண்டு செடியில் இருந்தபோதும் அது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாதுதான்.

உங்கள் வற்றாளை வண்டு அடம்பன் கொடியிலும் பெருகும். இரண்டும் ஒரே செடிச்சாதி. டேனிஷ் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1798இலேயே அந்த வண்டுக்குப் பெயர் வைத்துவிட்டார், தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ்காரர்கள் அவருக்குப் பூச்சி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே கடற்கரை அடம்பனில் என்னென்ன வண்டு வாழ்கிறது என்று ரீச்சரின் பிள்ளைகள் தேடுவது உங்கள் தோட்டத்துக்கும் தேவையான தேடல்தான்.

உரும்பிராய்_தோட்டம் எழுதியது:

சரி தம்பி, விளங்குகிறது. சல்வீனியாவைக் கண்ணால் கண்டவன் நான். வற்றாளைக்கு மண் அணைக்காமல் விட்டால் வெடிப்பு வழியே வண்டு இறங்கும், அது எங்களுக்குத் தெரியும். அடம்பனிலும் அது இருக்கும் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எங்கள் வற்றாளை வண்டு எறும்பு மாதிரி ஒடுங்கின உடம்பு, நீலக் கறுப்பு, நடுவில் சிவப்பு. ரீச்சர் சொல்கிற மணல் நிறத்தோடு பொருந்தவில்லை, அது நிச்சயம் வேறு.

லண்டன்_பனங்கொட்டை எழுதியது:

இந்த இழையை வாசிக்கும்போது மனம் நிறைகிறது. ஊரில் இருந்த காலத்தில் இப்படியொன்று இருக்கிறதென்று எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு விடயம் சேர்க்கிறேன். ரைகோனொப்ரெரஸ் என்று ஒரு மூக்குவண்டுச் சாதி. பறக்காத, சில மில்லிமீற்றர் வண்டுகள், இந்தோனேசியா, நியூகினிப் பக்கத்துக் காடுகளில் சருகுக்குள்ளும் இலைகளிலும் வாழ்கின்றன. அலெக்சாண்டர் ரீடல் என்ற ஜேர்மன் ஆய்வாளரும் கூட வேலைசெய்தவர்களும் 2013இல் நியூகினியிலிருந்து ஒரே கட்டுரையில் 101 புதிய இனங்களை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் பாலி, யாவா பக்கத்திலிருந்து 98. 2019இல் சுலாவெசித் தீவிலிருந்து மட்டும் 103. அந்தத் தீவில் அதற்கு முன் இந்தச் சாதியில் பெயர் பெற்றிருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் 1885இல் வைத்த பெயர். நியூகினி வண்டுகளுக்குப் பெயர் தேடி அந்நாட்டுத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்த குடும்பப் பெயர்களை எடுத்தார்கள்.

அந்த வண்டுகளின் இடுப்பு மூட்டைப் பற்றி 2011இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கால் உடம்போடு பொருந்தும் இடத்தில் உண்மையான திருகுபுரி இருக்கிறது, ஆணியும் சுரையுமாகச் சுழல்கிறது! இதை முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

நான் சொல்ல வந்தது, அவர்கள் நீண்ட வர்ணனை எழுதாமல் டி.என்.ஏ.யின் ஒரு சிறு துண்டையும் படத்தையும் சுருக்கமான குறிப்பையும் வைத்து வேகமாக முடித்தார்கள். ஒரு புதிய இனம் பிடிபட்ட நாளிலிருந்து பெயர் பெறும் வரை சராசரியாக 21 வருடம் செல்கிறது என்று 2012இல் ஒரு கணக்கு வெளிவந்தது. ரீச்சரின் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா? ஒரு காலை வெட்டி டி.என்.ஏ. பார்த்தால் சீக்கிரம் தெரியுமே.

ஆய்வுகூடத்_தங்கச்சி எழுதியது:

நான் பூச்சியியலில் மேற்படிப்புப் படிக்கிறேன். லண்டன் அண்ணாவோடு ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கட்டுரைகளைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு இனத்துக்கும் டி.என்.ஏ.யோடு ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் படமும் இருக்கும். பழைய முறையை அவர்கள் விடவில்லை, எழுத்தைத்தான் சுருக்கினார்கள். அதோடு அந்தக் காடுகளில் பல வருடம் சேகரித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. பார்கோட் என்று சொல்கிற அந்த 658 எழுத்துத் துண்டை எடுத்தாலும் அதை எதனோடு ஒப்பிடுவது? மார்ஷல் காலத்து வண்டுகளில் எத்தனைக்கு அந்தத் துண்டு பதிவாகியிருக்கும்? ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் அந்த எழுத்துகள் எங்களுக்கு ஒன்றும் சொல்லாது. 21 வருடம் போவதற்கு நான் காணும் பெரிய காரணம் பார்க்கிற ஆட்கள் குறைவு என்பதுதான். அதைக் குறைக்க வேண்டுமானால் இங்கேயே ஆட்களை உருவாக்க வேண்டும்.

டி.என்.ஏ. தேவையில்லை என்று சொல்லவில்லை. சில மாதிரிகளை 95 வீதத்துக்கு மேற்பட்ட எதனோலில் போட்டுக் குளிரில் வையுங்கள், பிறகு எப்போதும் எடுக்கலாம். போமலினில் மட்டும் போட வேண்டாம், டி.என்.ஏ. கெட்டுவிடும். மற்றவை 70 வீதத்தில் இருந்தால் உடம்பு விறைக்காமல் மென்மையாக இருக்கும், அறுத்துப் பார்க்க வசதி.

அறுக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆண் வண்டின் வயிற்றுப் பகுதியை மட்டும் நுண்ணிய ஊசியால் கழற்றி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவிடுவோம். தசை கரைந்துபோகும், கைற்றின் என்ற ஓட்டுப் பொருளாலான கடினமான பகுதிகள் மிஞ்சும். அதற்குள்ளிருந்து ஆணுறுப்பை எடுத்து கிளிசரினில் வைத்து நுணுக்குக்காட்டியில் வரைவோம். வெளியில் ஒரே அச்சாக இருக்கும் இரண்டு இனங்களில் இந்த உறுப்பின் நுனி ஒன்றில் கூராகவும் மற்றதில் மழுங்கியும் இருக்கும். வண்டை முக்கோண அட்டை நுனியில் ஒட்டி, அட்டையை ஓர் ஊசியில் குத்தி, உறுப்பைச் சிறு குழாயில் போட்டு அதே ஊசியில் கீழே குத்துவோம். இரண்டும் பிரிந்தால் பிறகு ஒன்றுக்கும் உதவாது.

பொறுமை கேட்கிற வேலைதான், ஆனாலும் பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே பிள்ளைகள் பாதித் தூரம் வரலாம்.

நல்லூரடியான் எழுதியது:

எல்லாம் வாசித்தேன். ஒரு மனக்குறை. பெயர் வைப்பதற்காக உயிரைக் கொல்ல வேண்டுமா? படம் எடுத்துவிட்டு விடக் கூடாதா? பிள்ளைகளுக்கு எதைப் பழக்குகிறோம் என்றும் யோசிக்க வேண்டும்.

வடமராட்சி_ரீச்சர் எழுதியது:

ஐயா, இது என் மனதிலும் இருந்த கேள்வி. பிள்ளைகளோடு இருந்து பேசினோம். படத்தில் மூக்கின் அடிப்பக்கமோ உள்ளுறுப்போ தெரியாது. அது தெரியாமல் வைக்கிற பெயர் பிறகு வருகிறவரைக் குழப்பும். அதனால் தேவைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சருகோடு அதே கொடியின் கீழ் கொட்டிவிட்டு வந்தோம். இரண்டாம் தடவை போனபோது பார்க்க மட்டும்தான் பார்த்தோம். எடுத்ததை வீணாக்காமல் ஒழுங்காகப் பதிந்து வைப்பது எங்கள் கடமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கருத்தையும் அவர்களிடம் சொல்லுவேன்.

நல்லூரடியான் எழுதியது:

அளவோடு செய்கிறீர்கள், நல்லது. எனக்கு இன்னும் முழு மனம் இல்லை, ஆனால் நீங்கள் யோசித்துத்தான் செய்கிறீர்கள் என்பது தெரிகிறது.

பூச்சிப்பெட்டி எழுதியது:

அனுமதி விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு சருகும் எடுக்கக் கூடாது. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 முதல் தேசியப் பூங்கா. மற்ற இடங்களிலும் ஆய்வு என்று வந்தால் பல்கலைக்கழகம் ஒன்றின் ஊடாக முதலில் கேட்டுக்கொள்வதே முறை. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், ஒரு கால் துண்டென்றாலும், கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

பனைவடலி எழுதியது:

புதிய இனம்தான் என்று வந்தால் அந்த மாதிரி எங்கே இருக்கும்? யாழ்ப்பாணத்தில் கண்டதை யாழ்ப்பாணத்தில்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்களிடம் இருந்தவை எல்லாம் எங்கேயோ போய்விடுகின்றன. பெயரும் எங்கள் ஊர்ப் பெயராக இருக்க வேண்டும்.

பூச்சிப்பெட்டி எழுதியது:

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. 1981இல் நூலகம் எரிந்த ஊர்க்காரர் நாங்கள், ஓரிடத்தில் மட்டும் வைப்பதன் ஆபத்து எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018இல் எரிந்தபோது பூச்சிச் சேகரிப்பும் பெருமளவில் சேர்ந்து போனது.

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிப்படி புதிய இனத்துக்கு ஒரு தனி மாதிரியைப் பெயரின் சாட்சியாகக் குறிக்க வேண்டும், ஹோலோரைப் என்பார்கள். அது எங்கே வைக்கப்படுகிறது என்பதையும் கட்டுரையில் எழுத வேண்டும். பூஞ்சணமும் சிறு பூச்சியும் அண்டாமல், ஈரப்பதன் பார்த்து, கேட்கிற ஆய்வாளருக்குக் காட்டக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். கொழும்பு அருங்காட்சியகம் 1877 முதல் இருக்கிறது. ஹோலோரைப்பை அங்கே வைத்துவிட்டு, அதே தொகுதியில் குறித்த மற்ற மாதிரிகளை யாழ்ப்பாணத்திலும் இன்னோரிடத்திலும் பிரித்து வைப்பதுதான் புத்தி என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கான பூச்சிச் சேகரிப்பு அறை ஒன்று வந்தால் நானே வந்து பெட்டி துடைப்பேன்.

பெயர் பிரச்சினை இல்லை. இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், அதே சாதியில் முன்பு வைக்காததாக இருக்க வேண்டும், வர்ணனையோடு வெளியாக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாவதென்றால் விலங்குப் பெயர்களுக்கான சூபாங் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், 2012 முதல் அப்படி. ஊர்ப் பெயர் தாராளமாக வைக்கலாம். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைப்பது மட்டும் வழக்கமில்லை.

பனைவடலி எழுதியது:

பிரித்து வைப்பது சரிதான். ஆனால் யாழ்ப்பாணப் பங்கு எத்தனை என்பதைக் கட்டுரை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் நடக்காது.

வடமராட்சி_ரீச்சர் எழுதியது:

நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டேன். மூக்கு குட்டை, அகலம், மேற்பக்கம் தட்டை. உணர்கொம்பு மூக்கின் நுனிக்குக் கிட்ட முளைத்து முழங்கை போல மடிகிறது. தோள் பக்கம் உருண்டு கிடக்கிறது, தோள்மேடே இல்லை. மேல்செட்டை இரண்டும் நடுவில் ஒட்டியிருப்பதாகத் தெரிகிறது, ஊசியால் மெதுவாக நெம்பியும் திறக்கவில்லை. நகம் மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை, எங்கள் லென்ஸ் போதாது.

பூச்சிப்பெட்டி எழுதியது:

அருமை ரீச்சர். தோள் உருண்டு செட்டை ஒட்டியிருந்தால் பறக்காத வண்டு என்பது ஏறக்குறைய உறுதி. பறக்காதவை இருந்த இடத்திலேயே தங்கித் தனித்தனி இனமாகப் பிரிந்து போவது அதிகம், அதனால்தான் எனக்கு ஆர்வம். குட்டை மூக்குக் கூட்டம் என்பதால் மார்ஷலின் 1916 தொகுதிதான் உங்களுக்குச் சரியான இடம். அதில் கேள்வி கேள்வியாகச் சாதிகளைப் பிரிக்கும் திறவுகோல் இருக்கிறது. ஆங்கிலம் பழசு, ஆனால் வசனங்கள் குட்டை. பிள்ளைகளோடு இருந்து ஒவ்வொரு படியாகப் போங்கள், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள். 1916க்குப் பிறகு பெயரிட்டவற்றை நான் தேடித் தருகிறேன்.

ஆய்வுகூடத்_தங்கச்சி எழுதியது:

நகத்தை நான் பார்த்துச் சொல்கிறேன் ரீச்சர். 70 வீதத்தில் உள்ளதில் சிலதைக் கையோடு கொண்டுவாருங்கள். ஆணும் பெண்ணும் கலந்திருக்கட்டும். பென்சிலால் எழுதிய லேபல் போத்தலுக்கு உள்ளேயே இருக்க வேண்டும்: இடம், திகதி, எடுத்தவர், எந்தச் செடியின் கீழ். பேனை மை எதனோலில் கரைந்துவிடும். பிள்ளைகள் வர விரும்பினால் அவர்களையும் கூட்டிவாருங்கள், ஒரு வண்டை அவர்கள் முன்னாலேயே அறுத்துக் காட்டுகிறேன்.

லண்டன்_பனங்கொட்டை எழுதியது:

தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வோக்கரின் மாதிரிகளும் மார்ஷலின் மாதிரிகள் பலவும் இங்கேயுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாதி தெரிந்த பிறகு எந்தெந்த மாதிரியைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் தந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு நான் நேரம் கேட்டுப் போய்ப் படம் கேட்கிறேன். வண்டை நீங்கள் இங்கே அனுப்பத் தேவையில்லை.

உரும்பிராய்_தோட்டம் எழுதியது:

மருதங்கேணியில் என் மைத்துனரின் வளவு கடற்கரையோடு முட்டுகிறது. அங்கேயும் அடம்பன் படர்ந்து கிடக்கிறது, தனியார் காணி. அவரிடம் கேட்டுவிட்டேன், தாராளமாக வரச் சொன்னார். மணற்காட்டு வண்டு அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்தால் உங்களுக்குப் பிரயோசனமா?

பூச்சிப்பெட்டி எழுதியது:

மிகப் பெரிய பிரயோசனம் அண்ணை. இரண்டு இடத்தில் கிடைத்தால் ஒரு இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு வரும் என்பது தெரியும், அதில்லாமல் வர்ணனை எழுதவே முடியாது. அடம்பனின் கீழ் பாருங்கள், பக்கத்து இராவணன் மீசைப் புல்லின் அடியிலும் பாருங்கள். மருதங்கேணியில் எடுப்பது வேறு போத்தல், வேறு லேபல். மணற்காட்டுப் போத்தலோடு கலக்க வேண்டாம்.